பெங்களூரில் கிடைக்கும் சாமான்களை வைத்து முதல் லைட்சேபர் கைப்பிடி: செய்முறை விளக்கம்

அறிவியல் புனைகதைப் படங்களில் வரும் கருவிகளின் நகலைச் சேர்க்க வேண்டும், முடிந்தால் சொந்தக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் முயற்சிக்கு நான் எல்லோருக்கும் சொல்வது, ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளி வாளான லைட்சேபரின் கைப்பிடிதான். ஒளிரும் வாள் வேண்டாம், கைப்பிடி மட்டும்.

காரணம் இருக்கிறது. 1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு அரங்கப் பொருள்களைத் தேடிய ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையில் கிராஃப்ளெக்ஸ் கேமராவின் பழைய ஃபிளாஷ் கைப்பிடிகளைக் கண்டெடுத்தார். அதன் மேல் கருப்புப் பட்டைகளை ஒட்டினார், கால்குலேட்டரின் எண்கள் மேல் இருக்கும் குமிழ் லென்ஸ் பட்டையைச் செருகினார். கதாநாயகன் லூக்கின் லைட்சேபர் தயார். அவனுடைய குரு ஓபி-வானின் கைப்பிடியில் தண்ணீர்க் குழாயின் திருகு, விமான எஞ்சினின் ஒரு பாகம் இரண்டும் இருக்கின்றன. 1966-ல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரில் டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகளில் சில, மேசையில் வைக்கும் உப்புக் குப்பிகள். ஆக, அசலே கடைச் சாமான்தான். நாமும் கடைக்குப் போகலாம்.

முதலில் அளவு

பலரும் நேராகப் பசையில் தொடங்கிவிடுகிறார்கள். அளவெடுக்கும் வேலைக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதையும் கொடுங்கள்.

பக்கவாட்டில், சற்றுத் தூரத்திலிருந்து எடுத்த ஒரு ஸ்டில்லைத் தேர்ந்தெடுங்கள். மிக நெருக்கத்தில் எடுத்த படத்தில் முன்னால் இருக்கும் பாகம் பருத்துத் தெரியும், அளவு தப்பிவிடும். அப்புறம், அந்தப் படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கிராஃப்ளெக்ஸ் குழாயின் விட்டம் சுமார் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. திரையில் ஸ்கேல் வைத்துப் பார்க்கும்போது குழாயின் அகலம் 19 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் திரையில் 1 மி.மீ. என்பது கையில் 2 மி.மீ. இந்தக் கணக்கை வைத்து மொத்த நீளம், பட்டையின் நீளம், பட்டன் இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். மொத்த நீளம் ஏறக்குறைய 28 செ.மீ. வரும். அங்கிருந்து ரொம்ப விலகிப் போனால் எங்கோ தவறாக அளந்திருக்கிறீர்கள்.

குழாய்

மாடிப்படிக் கைப்பிடி போடும் ஸ்டீல் பட்டறை எல்லா ஏரியாவிலும் ஒன்றாவது இருக்கும். அங்கே ஒன்றரை இன்ச் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) பைப் எப்போதும் கிடக்கும், வெட்டிய மிச்சத் துண்டுகளும் கிடைக்கும். அல்சூரில் நான் போகும் பட்டறைக்காரர் தமிழர். "அண்ணா, ஒன்றரை இன்ச்சில் கட்டிங் பீஸ் இருக்கா? பதினோரு இன்ச் போதும்" என்றேன். "இத வெச்சு என்னம்மா பண்ணப் போற?" என்று கேட்டார். போனில் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இரண்டு முனையையும் தானே கிரைண்டரில் மழுக்கிக் கொடுத்தார். அதே பைப்பின் முனையை மூடும் எண்ட் கேப் ஒன்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். துளை போட வேண்டியிருந்தால் அதையும் அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. எஸ்.எஸ். பைப்பில் வீட்டு டிரில்லை வைத்துப் போராடினால் பிட் மழுங்கும், வட்டப் பரப்பில் வழுக்கிக் கையிலும் ஏறும்.

குழாய் சரியான தடிமன்தானா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பெரிய டார்ச்சுக்குப் போடும் டி சைஸ் பேட்டரியை உள்ளே விடுங்கள். மெல்ல உரசிக்கொண்டு இறங்கி, அடியில் உள்ளங்கையில் வந்து விழ வேண்டும். அசல் கிராஃப்ளெக்ஸ் கைப்பிடி அந்தப் பேட்டரி மூன்றைப் போடுவதற்காகச் செய்த குழாய்தான். அது இறங்கும்போது கையில் தெரியும் கனம் எனக்கு எப்போதும் சந்தோஷம் தருகிறது.

மற்ற சாமான்கள்

எஸ்.பி. ரோட்டில் சிவப்பு புஷ் பட்டன் ஒன்று. ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வார நாளில் போங்கள். ஜே.சி. ரோட்டில் வண்டிச் சாமான் கடையில் 38 மி.மீ. குழாயைச் சுற்றி இறுகும் ஹோஸ் கிளிப் ஒன்று. கருப்புப் பட்டைகளுக்கு, அலுமினிய ஜன்னலுக்குப் போடும் கருப்பு ரப்பர் பீடிங் ஒரு மீட்டர். பை தைப்பவர்களிடம் ஒரு டி ரிங் (D வடிவ வளையம்). குமிழ் லென்ஸ் இருக்கும் பழைய கால்குலேட்டர் இப்போது கிடைப்பது கஷ்டம். சிக்பேட்டையில் பிளவுஸ் வேலைக்குக் கல்லும் மணியும் விற்கும் கடைகளில், நிறமில்லாத அரைவட்டக் கற்கள் கிடைக்கும். செம்பு நிறத் தகட்டின் மேல் வரிசையாக ஒட்டினால் குமிழ் போலவே மின்னும்.

பொருத்துவது

1. குழாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பசை படும் இடங்களை மட்டும் 400 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

2. கிளிப்பை நடுப்பகுதிக்குச் சற்று மேலே மாட்டி இறுக்குங்கள். அதன் திருகு இருக்கும் மேட்டின் மேல் எம்-சீலைப் பிசைந்து வைத்து, சின்னப் பெட்டி வடிவத்துக்குக் கொண்டு வாருங்கள். ஈர விரலால் தடவினால் விளிம்பு சுத்தமாக வரும். ஒரு நாள் காயட்டும். பிறகு தேய்த்து, வெள்ளி நிறம் அடித்து, கல் பட்டையை அதன் மேல் ஒட்டுங்கள்.

3. பட்டனின் பின்கால்களை வெட்டிவிட்டு, தலையை மட்டும் கிளிப்புக்குக் கீழே ஒட்டுங்கள். முதல் கைப்பிடிக்கு மின்சார இணைப்பு எதுவும் வேண்டாம்.

4. கருப்புப் பட்டைகள். கைப்பிடியின் அழகே இங்கேதான் இருக்கிறது, அதனால் நிதானமாகச் செய்யுங்கள். உங்கள் ஸ்டில்லில் எத்தனை தெரிகின்றன என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஆறு ஒட்டினேன். ஒரு காகிதப் பட்டையைக் குழாயைச் சுற்றிப் பிடித்து, முனைகள் சந்திக்கும் இடத்தில் வெட்டுங்கள். அதன் நீளம் சுமார் 119 மி.மீ. வரும். அதை மூன்றாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் ஆறு பாகம். பிரித்து, மடிப்புக் கோடுகள் குழாயில் படும் இடங்களில் பென்சிலால் புள்ளி வையுங்கள். கீழ்முனையிலும் இதையே செய்து, புள்ளிகளை ஸ்கேலால் இணையுங்கள். பீடிங்கை எட்டு எட்டு செ.மீ. துண்டாகப் புதுப் பிளேடால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். அறுத்து அறுத்து வெட்டினால் முனை பிசிறடிக்கும்.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் வேண்டாம். என் முதல் கைப்பிடியில் அதைத்தான் போட்டேன். மழைக்காலம் வேறு. மறுநாள் காலையில் பட்டைகளைச் சுற்றி ஸ்டீல் முழுக்க வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பசையின் ஆவி ஈரக்காற்றில் இப்படித்தான் படியும். அரால்டைட் போன்ற இரண்டு டியூப் பசையை மெல்லியதாகத் தடவி, மேலே ரப்பர் பேண்டு போட்டு ஒரு நாள் விடுங்கள். பிதுங்கி வந்ததை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும்.

மேல் முனையில் அசலில் இரண்டு சின்னக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தகட்டில் வெட்ட நல்ல கைப்பழக்கம் தேவை. இரண்டாவது கைப்பிடிக்கு வைத்துக்கொள்ளலாம்.

5. பழமை ஏற்றுவது. கருப்பு அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து, கிளிப்பின் இடுக்குகளிலும் பட்டைகளின் ஓரத்திலும் தூரிகையால் விடுங்கள். அரை நிமிடம் கழித்துத் துணியால் ஒற்றி எடுங்கள். கை படும் மேடு பளிச்சென்று இருக்க வேண்டும், அழுக்கு மூலையில் தங்க வேண்டும். வீட்டில் பல வருடம் புழங்கிய கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தால் இது எப்படி வரும் என்று புரியும்.

சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

பி.வி.கே. அய்யங்கார் ரோடு ஞாயிற்றுச் சந்தையில் பழைய ஃபிளாஷ் எதையாவது பார்த்தால், லைட்சேபர் செய்வதற்காக அதைப் பிரிக்காதீர்கள். இத்தனை வருடம் உடையாமல் வந்த கருவி அது, பழைய கேமரா பிரியர் ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார். அளவெடுங்கள், படம் எடுங்கள், முழுசாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி வடிவ நகல்களில் தொடங்க வேண்டாம் என்பதும் என் கருத்து. ஸ்டார் வார்ஸில் வரும் ஹான் சோலோவின் ஆயுதம் மவுசர் சி96 என்ற உண்மையான கைத்துப்பாக்கியின் மேல் செய்தது. அதன் நகல் நம் அலமாரியில் அழகாக இருக்கும், மெட்ரோ வாசலில் பையைச் சோதிப்பவருக்கு அது துப்பாக்கியாகத்தான் தெரியும்.

"படப்பிடிப்பில் பயன்பட்ட அசல்" என்று யாராவது விற்றால், அது யாரிடமிருந்து யாருக்குக் கை மாறி வந்தது என்பதற்குக் காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லையென்றால், நகலுக்கு என்ன விலையோ அதை மட்டும் கொடுங்கள்.

கடைசியாக எண்ட் கேப். டி ரிங்கைச் சின்னத் தகட்டால் அதில் பிடித்துவிடுங்கள். மூடுவதற்கு முன், ஒரு தாளில் தேதி, எந்தப் பாகம் எந்தக் கடையில் வாங்கியது, "இது நகல்" என்று எழுதிச் சுருட்டிக் குழாய்க்குள் போடுங்கள். அதற்கப்புறம் கேப்பைத் தட்டி இறக்கலாம்.