டிவியை முதலில் அணையுங்கள்: டிமென்ஷியா உள்ளவர்களைச் சுற்றி நாம் எழுப்பும் சத்தங்கள்

மாலை ஆறரை மணி. முதியோர் இல்லக் கூடத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி, முந்தானையைப் பிசைந்தபடியே என் கையைப் பிடித்து இழுத்தார். "யாரும்மா அழுவுறது? போய்ப் பாரேன்." அது டிவி என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அடுத்த அறையில் ஒரு பெண் அழுகிறாள், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. டிவியை அணைத்த பிறகும் வெகுநேரம் அந்தத் தவிப்பு அடங்கவில்லை.

பொழுது போகட்டும் என்று நாள் முழுக்க டிவியை ஓடவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வேண்டாத சத்தத்தை நம் மூளை தானாக ஒதுக்கிவிடும். நினைவும் சிந்தனையும் மங்கிப்போகும் டிமென்ஷியா வந்தவருக்கு அது கடினம். பெட்டிக்குள் நடப்பது எது, வீட்டுக்குள் நடப்பது எது என்பதும் குழம்பிவிடும். பொழுது சாயும்போது பலருக்குத் தடுமாற்றம் கூடும். பார்த்தால், சீரியலும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. யாராவது விரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சி என்றால் போடுங்கள், முடிந்ததும் அணைத்துவிடுங்கள். இப்போது அந்த நேரத்தில் அந்தப் பாட்டியின் மடியில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துப் பட்டாணி உரிக்கக் கொடுக்கிறோம். டக் டக்கென்று விழும் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

சத்தமே கூடாது என்று கதவைச் சாத்தி வைப்பதும் தவறுதான். குக்கர் விசில், வாசலில் தண்ணீர் தெளிக்கும் ஓசை, காக்கைகள், பக்கத்தில் ஒருவர் பேசும் குரல் எல்லாம் இது காலை, இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்பவை. அவை இல்லாத அறையில் சிலர் பயந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இதமாக இருக்கும் என்று மழைச் சத்தத்தைப் பதிவாகப் போடுவதில் கவனம் தேவை. அதைக் கேட்ட ஒரு அம்மா, மாடியில் துணி காய்கிறது என்று கைத்தடியை விட்டுவிட்டே எழுந்து நடந்துவிட்டார். விழாமல் பிடித்தது எங்கள் நல்ல நேரம். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் சிலருக்குச் சிறுநீர் முட்டும், சிலர் குழாயை மூடத் தேடுவார்கள்.

எல்லாருக்கும் ஒரே பாட்டு என்பதும் வேண்டாம். விடியற்காலையில் சுப்ரபாதம் ஒருவருக்கு வீடு. இன்னொருவருக்குப் பாங்கு, மற்றொருவருக்கு மாதா கோயில் மணி. இளமையில் கேட்ட பாட்டுகள்தான் பெரும்பாலும் கடைசிவரை தங்குகின்றன. எண்பத்தைந்து வயதுக்காரருக்கு அது 1950-களும் 60-களும். என்ன பிடிக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்கும்போதே, எதைப் போடக் கூடாது என்றும் கேளுங்கள். இறந்த கணவர் பாடிக்கொண்டே இருந்த பாட்டு ஆறுதலாகவும் இருக்கலாம், அழவும் வைக்கலாம்.

பாட்டு போட்டால் ஆத்திரம் அடங்கிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, ஐந்து முறைக்குக் குறையாமல் நடத்தும் இசை சிகிச்சையால் மனச்சோர்வு குறைய வாய்ப்பு உண்டு, ஆனால் ஆத்திரத்திலும் படபடப்பிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. கத்துகிறவருக்கு வலியா, தாகமா, மலச்சிக்கலா என்று முதலில் பாருங்கள்.

காது கேட்கவில்லை என்றால் உடனே வால்யூமைக் கூட்டுகிறோம். அதற்கு முன் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அந்த மெஷின் உங்கள் குரலோடு தட்டு விழும் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும்.

இரவில் நோயாளிகள் தூங்கும் வார்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்ன அளவு 30 டெசிபெல். நாம் சாதாரணமாகப் பேசுவதே 60 வரும். டிராலியில் ஒரு துண்டை விரியுங்கள், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் போடுங்கள், ஸ்பீக்கரில் போன் பேசாதீர்கள்.

ஹெட்போனைப் பின்னாலிருந்து மாட்டவே மாட்டாதீர்கள். எதிரே உட்கார்ந்து, முதலில் உங்கள் காதில் வைத்துக் காட்டி, பிறகு அவர் கையில் கொடுங்கள். பாட்டு ஓடும்போது முகத்தைப் பாருங்கள். நெற்றி சுருங்கினால் நிறுத்திவிடுங்கள்.