குடுவைச் செடிக்குத் தொட்டி மாற்றும் முன்

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி நெப்பந்தஸ் என்ற குடுவைச் செடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. தொட்டிக்குள் விரலை விட்டதுமே புரிந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலை. உரம் போடாதே, குழாய்த் தண்ணீர் ஊற்றாதே என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுகிறேன். தொட்டி மாற்றும்போது நடக்கும் மற்ற தப்புகள் இதோ.

கழுவாத கோகோபீட்

களியக்காவிளைப் பக்கம் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. அதன் மட்டைத் தூளுக்கு இங்கே கோகோபீட் என்று பேர், கேரளத்துப் பாறசாலையில் கேட்டால் சகிரிச்சோறு. கட்டியை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பொதுபொதுவென்று ஊதி வரும். அப்படியே தொட்டியில் அள்ளிப் போடுகிறார்கள்.

"இயற்கைதானே அண்ணே?" என்றான் தம்பி. உப்பும் இயற்கைதானடா. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. அதைக் காயலின் உப்புத்தண்ணீரில் ஊறப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இதுவோ சத்தில்லாத மண்ணில் பூச்சி பிடித்துப் பிழைக்கும் செடி. வேர் தாங்காது.

இப்படி நான் நான்கு செடிகளைக் கொன்றேன். அதில் ஒன்று மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா, இந்தியக் காட்டில் தானாக வளரும் ஒரே நெப்பந்தஸ். கடைக்காரர் "கழுவினதுதான்" என்றார், நம்பினேன். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் சில நூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டருக்குக் கணக்குப் பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பியின் கலவையில் ஒரு பிடியை மழைத்தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தேன். மீட்டரில் 840. வெறும் மழைத்தண்ணீர் 12. 50க்குக் கீழே இறங்கும்வரை அலச வேண்டும். அலசியவுடன் நல்ல எண்தான் காட்டும். ராத்திரி ஊறவிட்டுக் காலையில் பார்த்தால் மறுபடி ஏறியிருக்கும். அந்தக் காலை எண்ணை மட்டும் நம்புங்கள். எனக்கு ஐந்தாறு நாள் பிடிக்கும்.

கறுப்பு வேரை வெட்டுவது

நெப்பந்தஸ் வேரே கறுப்புதான், தலைமுடி மாதிரி மெல்லிசு, தொட்டால் ஒடியும். அழுகல் என்று நினைத்துக் கத்தரியை எடுக்காதீர்கள். பழைய கலவையை உதறாமல், வேர்ப்பந்தோடு மாற்றுங்கள்.

குடுவையோடு இலையையும் நறுக்குவது

காய்ந்த குடுவை மட்டும் போகட்டும். பச்சை இலை இன்னும் செடிக்குச் சோறு போடுகிறது.

சிமெண்ட் தொட்டி

வேண்டாம்.

மாற்றும் காலம்

பங்குனி வெயிலில் தொடாதீர்கள். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்தபின் செய்யலாம். காற்றில் ஈரம் இருக்கும், கழுவவும் மழைத்தண்ணீர் கிடைக்கும்.

தம்பியின் செடியில் வேர் மிஞ்சவில்லை. தண்டில் இரண்டு கணு பச்சையாக இருந்தது; வெட்டி, ஸ்பேக்னம் பாசியில் குத்தி வைத்திருக்கிறோம். தினமும் காலையில் மீட்டரோடு வந்து நிற்கிறான். இன்றைக்கு 31.