பாலைவனக் கரையோரம் ஒரு சிறுகப்பல் பயணம்: சென்னையிலிருந்து புறப்படுவோருக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குத் தெற்கே, மெக்சிகோ நாட்டுக்குள், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரும்பாலும் பாலைநிலமாகவே இறங்கிச் செல்கிறது பாஹா கலிபோர்னியா தீபகற்பம். அதற்கும் மெக்சிகோவின் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள கடலைக் கலிபோர்னியா வளைகுடா என்றும் கோர்டெஸ் கடல் என்றும் அழைக்கிறார்கள். கரையில் கள்ளியும் செம்பாறையும்தான். கடலுக்குள்ளோ கடற்சிங்கம், திருக்கை, திமிங்கிலச் சுறா, திமிங்கிலம் என்று உயிர் நிரம்பி வழிகிறது. சில பத்துப் பயணிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் தீவு தீவாகச் செல்லும் சிறுகப்பல்கள் இங்கே உண்டு.

நான் அந்தப் பயணத்தை முடித்துத் திரும்பியபின் நண்பர்கள் என்னிடம் கேட்டவை பெரும்பாலும் விமானக் கட்டணத்தையும் சாப்பாட்டையும் பற்றிய கேள்விகளே. ஆனால் பயணத்தின் பயன் முழுவதும் ஒரே திறமையைச் சார்ந்திருக்கிறது. முகத்தை நீருக்குள் வைத்து, வாயால் மூச்சு விட்டபடி, பதற்றமில்லாமல் அரைமணி நேரம் மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சென்னையிலேயே பழகிவிடலாம். கப்பல் ஏறியபின் பழகுவதற்கு நேரம் போதாது. ஆகவே புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்கும்படி இந்தப் படிகளை அமைத்திருக்கிறேன்.

படி 1: எந்த உயிரைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கேற்ற மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

விடுமுறை கிடைக்கும் மாதத்தை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு விலங்குகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சாம்பல் திமிங்கிலங்கள் வட துருவத்தை ஒட்டிய கடல்களிலிருந்து நெடுந்தொலைவு நீந்தி வந்து, தீபகற்பத்தின் மேற்கே பசிபிக் பக்கத்தில் உள்ள மக்தலேனா, சான் இக்னாசியோ போன்ற உப்பங்கழிகளில் கன்று ஈனுகின்றன. அவற்றைப் பார்க்க ஏற்ற காலம் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை. நீலத் திமிங்கிலங்கள் வளைகுடாப் பக்கத்தில் லொரேட்டோ ஊருக்கு அருகே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தென்படும். லா பாஸ் விரிகுடாவில் திமிங்கிலச் சுறாக்கள் கூடுவது ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. எஸ்பிரித்து சாந்தோ தீவின் வடமுனையில் லோஸ் இஸ்லோத்தெஸ் என்ற சிறு பாறைத் தீவுகள் உள்ளன. அங்கே வாழும் கடற்சிங்கங்கள் குட்டி ஈனும் காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவற்றோடு நீந்த அனுமதி கிடையாது.

இதோடு நீரின் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னைக் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் கடல்நீர் குளிரும் என்ற நினைப்பே நமக்கு இருப்பதில்லை. கோர்டெஸ் கடலின் தென்பகுதியோ செப்டம்பரில் 29 டிகிரியை ஒட்டியும் பிப்ரவரியில் ஏறத்தாழ 20 டிகிரியாகவும் இருக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நாள்கணக்கில் வீசும் பலத்த காற்று அலையைக் கிளப்பிவிடும். நம் வாடைக்காற்றைப் போன்றதுதான், ஆனால் மழையில்லாத வறண்ட காற்று. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் அச்சம் உண்டு. நீருக்குள் பார்ப்பதே முதன்மை என்று நினைக்கும் புதியவருக்கு நவம்பர் மாதத்தையே பரிந்துரைப்பேன். திமிங்கிலமே வேண்டும் என்பவர் மார்ச் மாதத்துக்குப் பதிவு செய்து, குளிர்ந்த நீருக்கு உடலைத் தயார் செய்துகொள்ளட்டும்.

பாலைவனத்தின் ஓரத்தில் இவ்வளவு உயிர் ஏன் என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்தக் கடல் ஒடுங்கியது. தென்பகுதியில் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ளது. வடபகுதியின் வலிய ஓதங்களும் பருவக் காற்றும் ஆழத்துக் குளிர்நீரை மேலே கிளறிக் கொண்டுவருகின்றன. அந்த நீரில் உள்ள சத்து நுண்மிதவை உயிர்களை வளர்க்க, அவற்றைத் தேடிச் சிறுமீனும், சிறுமீனைத் தேடிப் பெரியவையும் வருகின்றன. நீருக்குள் பார்வை சில நாட்களில் பச்சையாக மங்கித் தெரிவதற்கும் இதுவே காரணம். கண்ணாடிபோல் தெளிந்த நீரை எதிர்பார்த்துத் திமிங்கிலச் சுறாவைத் தேடாதீர்கள். அதன் உணவு மிதக்கும் கலங்கல் நீரில்தான் அது மேயும்.

படி 2: கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

கப்பல் நிறுவனத்துக்கு எழுதும்போது அறையின் அளவைக் காட்டிலும் வேறு சிலவற்றைக் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஒரு நாளில் எத்தனை முறை நீரில் இறங்குவார்கள்? புதியவர்கள் கரையோர மணற்பாங்கில் பயிற்சி செய்ய முதல் நாளில் இடம் கொடுப்பார்களா? வெட்சூட்டும் (உடலை ஒட்டி அணியும் குளிர்காப்பு ரப்பர் உடை) மாஸ்க்கும் (கண்ணையும் மூக்கையும் மூடும் நீர்க்கண்ணாடி) உங்கள் அளவுக்கு அவர்களிடம் இருக்குமா? சைவ உணவு உண்பவராயின் பதிவு செய்யும்போதே முட்டை, மீன் குழம்புச்சாறு வரை தெளிவாக எழுதிவிடுங்கள். மெக்சிகோ சமையலில் அவரையும் சோளமும் தாராளம் என்பதால் முன்கூட்டிச் சொன்னவர் பசித்திருக்க நேராது.

படி 3: தாள்களும் விமானமும்

சென்னையிலிருந்து மெக்சிகோவுக்கு நேர் விமானம் இல்லை. பெரும்பாலான வழிகள் அமெரிக்கா வழியாகச் செல்வதால், அங்கே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா தேவைப்படும். செல்லத்தக்க அமெரிக்க விசா உள்ள இந்தியரிடம் சுற்றுலாவுக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. ஆனாலும் விதிகள் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன் புதுதில்லியில் உள்ள மெக்சிகோ தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். அமெரிக்க விசாவுக்கோ சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதால் இதை முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும். கப்பல் ஏறும் லா பாஸ் நகரின் நேரம் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி பின்தங்கியது. கப்பல் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்து உறங்கித் தெளியுங்கள். உறக்கம் கெட்ட உடம்போடு கடலில் இறங்குவது பாதுகாப்பன்று.

படி 4: நீச்சல் குளத்தில் பழகுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். வேளச்சேரியிலோ மெரினாவிலோ உங்கள் வீட்டுக்கு அருகிலோ உள்ள ஏதேனும் ஒரு குளத்தில், இடுப்பளவு நீரில் தொடங்குங்கள்.

முதலில் மாஸ்க். கடையில் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல உள்ளிழுத்துக் கையை விடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. மீசை அடர்ந்தவர்களுக்கு மேலுதட்டில் நீர் கசியும். அங்கே சற்றுக் கத்தரித்துக்கொண்டால் போதும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் தங்கள் பவருக்கேற்ற கண்ணாடி பொருத்திய மாஸ்க்கை வாங்குவதே நல்லது. மங்கலான நீலத்தைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போவது? முகம் முழுவதையும் மூடும் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. நீர் புகுந்தால் அதை விரைந்து கழற்றுவது கடினம்.

அடுத்து மூச்சு. மறுமுனை நீருக்கு மேலே நிற்கும் ஸ்நார்க்கல் குழாயை வாயில் கவ்வி, நின்றபடியே முகத்தை மட்டும் நீரில் வைத்து, மெதுவாக உள்ளிழுத்து அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். சிறு சிறு மூச்சாக இழுத்தால் குழாயில் தங்கும் பழைய காற்றே திரும்பத் திரும்ப உள்ளே வந்து மூச்சு முட்டும். பதற்றம் தொடங்கும் இடம் இதுதான். நான் நாற்பது வயதுக்குமேல் நீந்தக் கற்றவன். முதல் வாரத்தில் இருபது மூச்சு முடிவதற்குள் தலையைத் தூக்கிவிடுவேன். நாளுக்குப் பத்து மூச்சாகக் கூட்டிக்கொண்டே போனதில் மூன்றாம் வாரம் பயம் தானாகவே விலகியது.

குழாயில் நீர் புகுந்தால் ‘தூ’ என்று ஒரே வீச்சில் ஊதி வெளியேற்றுங்கள். மாஸ்க்கில் நீர் புகுந்தால் தலையை நீருக்கு மேலே உயர்த்தி, அதன் கீழ்விளிம்பைச் சற்று விலக்கினால் வடிந்துவிடும். இவ்விரண்டையும் வேண்டுமென்றே நீரை உள்ளே விட்டு ஐம்பது முறையாவது செய்யுங்கள். பிறகு ஃபின் எனப்படும் துடுப்புக் காலணியை மாட்டி, முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து காலை நீளமாக அசைத்து நீந்துங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். கை வீசி நீந்துபவரைக் கண்டால் மீன்கள் சிதறிவிடும்.

படி 5: ஒருமுறையேனும் கடலில் இறங்குங்கள்

மெரினாவில் வேண்டாம். அங்கே நீரோட்டம் ஆளை உள்ளே இழுத்துச் செல்லும். கடலில் குளிக்கத் தடையும் உண்டு. கோவளத்திலோ புதுச்சேரியிலோ பயிற்றுநர் படகில் அழைத்துச் செல்லும் இடத்தில், கடல் அடங்கியிருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் செல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோர நீர் கலங்கியிருக்கும். படகு ஆடும்போது உங்கள் வயிறு என்ன செய்கிறது என்பதும் அன்றே தெரிந்துவிடும். குமட்டல் வந்தால் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைத் தேர்ந்து, ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே அதைப் போட்டுப் பாருங்கள். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை என்றால் அதைப் போட்டுக்கொண்டு நீரில் இறங்கக் கூடாது.

படி 6: எடுத்துச் செல்ல வேண்டியவை

காற்றைக் காட்டிலும் நீர் உடற்சூட்டைப் பன்மடங்கு விரைவாக உறிஞ்சிவிடும். நவம்பருக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும். பிப்ரவரி, மார்ச்சுக்கு 5 மில்லிமீட்டர் வேண்டும். சன்ஸ்கிரீன் பூசி நீரில் இறங்குவதைத் தவிர்த்து, முழுக்கை ராஷ்கார்டும் (நீரில் அணியும் ஒட்டுச்சட்டை) கழுத்துத்துணியும் கொண்டுசெல்லுங்கள். அந்த எண்ணெய்ப்பூச்சு கடலுயிர்களுக்குக் கேடு. நனைந்தால் வழுக்காத செருப்பு, தொப்பி, இருகண் நோக்கி, தண்ணீர்க் குப்பி ஆகியவை போதும். காலணியின் அடியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் சென்னையிலேயே கழுவிவிடுங்கள். அந்தத் தீவுகளில் வேறெங்கும் இல்லாத உயிர்கள் இருக்கின்றன. எஸ்பிரித்து சாந்தோவின் கருமுயலும், வாலை ஆட்டி ஒலியெழுப்பும் கிலுக்கு இல்லாமற்போன சாந்தா கத்தலீனா தீவின் கிலுகிலுப்பை விரியனும் அவ்வகையைச் சேர்ந்தவை.

படி 7: கப்பலில் முதல் இரண்டு நாட்கள்

கரைக்குச் செல்லக் காற்றடைத்த ரப்பர் படகில் ஏற்றுவார்கள். படகோட்டியின் மணிக்கட்டை நீங்கள் பிடிக்க, உங்கள் மணிக்கட்டை அவர் பிடிக்க, அப்படியே இறங்க வேண்டும். விரல்களை மட்டும் பிடித்தால் நழுவிவிடும். கரையில் முழங்காலளவு நீரில்தான் கால் வைப்பீர்கள். பாலை நடையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கார்தோன் என்ற உலகின் மிக உயர்ந்த கள்ளி இனம், பனைமரம்போல் நெடிது நிற்பதை அங்கே காணலாம். கடலோரத்தில் பழுப்புக் கூழைக்கடா வானிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து மீன் பிடிப்பதை நின்று பாருங்கள். பள்ளிக்கரணையில் நீந்தியபடியே அலகால் மீனை அள்ளும் நம் கூழைக்கடாவைப் பார்த்துப் பழகியவருக்கு அது பெரு வியப்பு.

முதல் நாள் மணற்பாங்கான குடாவில் பயிற்சிக்கு இறக்குவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அதைத் தவிர்க்கக் கூடாது. வெட்சூட் உங்களை மேலே தூக்கிப் பிடிக்கும். அந்தப் புது மிதப்புக்கு உடம்பு பழக வேண்டும்.

படி 8: கடற்சிங்கங்களிடையே

லோஸ் இஸ்லோத்தெஸில் உயிர்காப்பு மேலாடை அணிந்து வழிகாட்டியோடு மட்டும் இறங்குவீர்கள். நீரில் விழுந்ததும் குளிரால் மூச்சு வாங்கும். உடனே நீந்தத் தொடங்காமல், படகின் கயிற்றைப் பிடித்தபடி பத்து மூச்சு மெதுவாக விடுங்கள். பிறகு கைகளை மார்பில் சேர்த்து மிதந்து கொண்டிருங்கள். குட்டிகள் தாமாகவே வரும். உங்களைச் சுற்றிச் சுழலும், முகத்துக்கு நேரே வந்து குமிழி விடும், ஃபின்னை மெல்லக் கடித்தும் பார்க்கும். தொடாதீர்கள், துரத்தாதீர்கள். விளையாட்டு முடிந்தால் அது போய்விடும், போக விடுங்கள். பருத்த ஆண் ஒன்று குரைத்தபடி குறுக்கும் நெடுக்குமாக நீந்தினால், அது தன் எல்லையைக் காக்கிறது என்று பொருள். அதற்கும் பாறைக்கும் நடுவே சென்றுவிடாமல், அதைப் பார்த்தவாறே பின்னோக்கி விலகுங்கள்.

உடல் நடுங்கத் தொடங்கினாலோ, விரல் நுனி மரத்தாலோ, மற்றவர்கள் இன்னும் நீரில் இருக்கிறார்களே என்று பாராமல் கையை உயர்த்துங்கள். படகு உங்களிடம் வரும். ஏணியைப் பிடித்தபின் முதலில் ஃபின்களைக் கழற்றிப் படகோட்டியிடம் கொடுங்கள். மாஸ்க்கை மட்டும் ஏறி முடியும்வரை முகத்திலேயே வைத்திருங்கள், கால் நழுவி மீண்டும் நீரில் விழுந்தாலும் கண் தெரியும்.