பரப்பு காணும் முன் அச்சுகளைப் படியுங்கள்

வரைபடத்தில் சாய்கோடு ஒன்றைக் கண்டதும் ‘½ × அடிப்பக்கம் × உயரம்’ என்று எழுத ஓடும் கையை நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். பதினொன்றாம் வகுப்பில் என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இரண்டு அச்சுகளின் அலகுகளையும் பெருக்கினால் என்ன வருகிறது? கோட்டுக்கும் கிடை அச்சுக்கும் இடையிலுள்ள பரப்பு அதைத்தான் குறிக்கும். திசைவேகம்–நேரம் என்றால் மீ/வி × வி. மீட்டர் மிஞ்சும், அது இடப்பெயர்ச்சி. விசை–நேரம் என்றால் நியூட்டன் விநாடி, அதாவது கணத்தாக்கு. அழுத்தம்–பருமன் என்றால் ஜூல், வாயு செய்த வேலை. இடம்–நேரம் வரைபடத்தில் ‘மீட்டர் விநாடி’ என்று வரும். பள்ளிப் பாடத்தில் அதற்குப் பயனே இல்லை. அங்கே சாய்வைப் பாருங்கள்.

ஒரு மின்சார ரயில் 40 விநாடியில் 15 மீ/வி வேகத்தை எட்டுகிறது. 60 விநாடி அதே வேகத்தில் ஓடி, அடுத்த 30 விநாடியில் நிற்கிறது. அதன் திசைவேகம்–நேரம் வரைபடத்தில் முக்கோணம், செவ்வகம், முக்கோணம்: 300 + 900 + 225 = 1425 மீட்டர். மொத்தமும் ஒரே சரிவகம்தானே என்று கண்டவர்கள் ½ × (130 + 60) × 15 என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சீராகக் கூடும் வேகத்தின் முக்கோணமும், அதில் பாதி உயரமுள்ள செவ்வகமும் ஒரே பரப்பு என்பதை கலிலியோவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே, பிரான்சில் நிக்கோல் ஒரேம் என்ற அறிஞர் படம் வரைந்து காட்டிவிட்டார்.

வினாத்தாள் தயாரிப்பவர்களின் செல்லக் குறும்பு ஒன்று உண்டு: குத்து அச்சைச் சுழியத்தில் தொடங்காமல் 10-இல் தொடங்குவது. 5 விநாடியில் வேகம் 10-லிருந்து 16 மீ/வி ஆகிறது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரிவது முக்கோணம் மட்டுமே. விடை 15 என்று மாணவர் எழுதுவார். தாளில் இடம் பெறாத 10 × 5 செவ்வகம் அடியில் இருக்கிறது. சரியான விடை 65 மீட்டர். அதனால் கணக்கைத் தொடுவதற்கு முன் அச்சின் முதல் எண்ணைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

கோடு நேர அச்சுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பரப்பு எதிர்க்குறி பெறும். 20 மீ/வி வேகத்தில் மேலே எறிந்த பந்து (புவியீர்ப்பு முடுக்கம் g = 10 மீ/வி²) 4 விநாடியில் கைக்குத் திரும்புகிறது: +20, −20. இடப்பெயர்ச்சி சுழியம், கடந்த தூரம் 40 மீட்டர். வினா இரண்டில் எதைக் கேட்கிறது என்று பாருங்கள்.

வளைகோடு வந்தால் கட்டம் எண்ணுவதுதான் வழி. எண்ணும் முன் ஒரு கட்டத்தின் மதிப்பை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிடையில் 1 செ.மீ. = 2 வி, குத்தில் 1 செ.மீ. = 5 மீ/வி என்றால் ஒரு சதுர செ.மீ. 10 மீட்டரைக் குறிக்கும், சின்ன மி.மீ. கட்டம் 0.1 மீட்டர். பெரிய கட்டங்களை முதலில் எண்ணிவிட்டு, ஓரத்தில் பாதிக்கு மேல் உள்ளே இருக்கும் சின்னக் கட்டங்களை முழுதாகச் சேருங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள். ‘9 சதுர செ.மீ.’ என்று விடை எழுதினால் நான் மதிப்பெண் தருவதில்லை. 90 மீட்டர் என்று எழுத வேண்டும்.

பிறகு வளைகோட்டின் இரு முனைகளையும் அளவுகோலால் இணைத்துப் பாருங்கள். 25 மீ/வி வேகத்தில் வந்த கார் 10 விநாடியில் நின்றால் அந்த முக்கோணம் 125 மீட்டர். வளைகோடு முழுவதும் அந்த நேர்கோட்டுக்குக் கீழே தொய்ந்திருக்கும்போது உங்களுக்கு 140 வந்தால், மறுபடியும் எண்ணுங்கள்.