419 வந்ததும் டோக்கன் சோதனையைத் தூக்கிவிடாதீர்கள்

காட்பாடியில் தெரிந்த தம்பி ஒருவன், ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு லாராவெலில் (பிஎச்பி மொழியில் வெப்சைட் செய்ய உதவும் கட்டமைப்பு) ஆர்டர் சாஃப்ட்வேர் செய்து கொண்டுவந்து காட்டினான். நன்றாகவே செய்திருந்தான். ஆனால் ஃபார்மை அனுப்பும்போதெல்லாம் 419 பேஜ் எக்ஸ்பயர்ட் என்று வந்ததாம், எங்கேயோ தேடிப் பார்த்து அந்த ரூட்டை (ஃபார்ம் போய்ச் சேரும் முகவரியை) சிஎஸ்ஆர்எஃப் சோதனையிலிருந்தே, அதாவது வேறு தளம் உங்கள் பயனர் பெயரில் போலியாக அனுப்புவதைத் தடுக்கும் சோதனையிலிருந்தே, விலக்கி வைத்துவிட்டான். "இப்ப வேலை செய்யுதுண்ணா" என்றான். ஃபார்முக்குள் டோக்கனுக்கான (சர்வர் கொடுத்து, அதுவே திரும்ப வருகிறதா என்று பார்க்கும் ரகசியக் குறியீடு) ஒரு வரியைச் சேர்த்திருந்தாலே போதும்.

லாகினை நினைவில் வைக்கும் குக்கீயை பிரவுசர் தானாகவே எடுத்துக்கொண்டு போகும், கேட்டது யார் என்று பார்க்காது. முதலாளி காலையில் லாகின் செய்துவிட்டு, வேறு டேபில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கிறார், அதில் ஒளிந்திருக்கும் ஃபார்ம் தானாகவே சப்மிட் ஆகி உங்கள் சர்வருக்கு வருகிறது, கூடவே அவருடைய குக்கீயும் வந்தால் சர்வருக்கு அது முதலாளி அனுப்பியது மாதிரியேதான் தெரியும். கெட் (லிங்க் மாதிரி கேட்பது) வேண்டாம், போஸ்ட் (ஃபார்மாக அனுப்புவது) போட்டால் போதும் என்பது இங்கே உதவாது.

சரி, வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கீ கூட வரலாமா என்று பிரவுசருக்குச் சொல்லும் சேம்சைட் இருக்கிறதே? 2020-ல் குரோம் 80 வந்ததிலிருந்து, எதுவும் குறிப்பிடாத குக்கீ குரோமில் லாக்ஸ் (வேறு தளத்திலிருந்து போஸ்ட் வந்தால் குக்கீ வராது) என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் லாக்ஸ் இருந்தும், வேறு தளத்தில் உள்ள லிங்க்கைச் சொடுக்கி வந்தால் குக்கீ வரும், அதனால் ஆர்டரை அழிப்பதை வெறும் லிங்க்காக வைத்தால் ஒரு சொடுக்கில் ஆர்டர் போய்விடும். உங்கள் சப்டொமைன்களும் ஒரே சைட்டாகத்தான் கணக்கு, அதில் ஒன்று கைமாறினாலும் ஆபத்து.

எனக்கு அதிகம் கவலை தருவது பேமென்ட் கேட்வே விஷயம். பணம் கட்டிவிட்டுத் திரும்பும்போது கேட்வே போஸ்டாக அனுப்புவதால் லாக்ஸ் குக்கீ வராமல் லாகின் போய்விடுகிறது, உடனே மொத்த சைட்டுக்கும் சேம்சைட்டை நன் (எந்தத் தளத்திலிருந்து வந்தாலும் குக்கீ வரும்) என்று மாற்றிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். திரும்பி வரும் அந்த ஒரு ரூட்டுக்கு மட்டும் டோக்கன் விலக்கு கொடுங்கள், அங்கே கேட்வே அனுப்பும் கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டு, லாகினை நம்பாமல் ஆர்டர் எண்ணை வைத்துப் பதிவு செய்யுங்கள்.

கார்ஸ் (வேறு தளத்தின் ஸ்கிரிப்ட்டுக்கு பிரவுசர் வைக்கும் விதி) தடுத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம், அது பெரும்பாலும் பதிலைப் படிக்க விடாது, அவ்வளவுதான். சாதாரண ஃபார்ம் சர்வருக்கு வந்தே தீரும்.

அப்புறம், சொந்தமாக டோக்கன் எழுதுபவர்கள் 'டோக்கன் வந்தால் சரிபார்' என்று எழுதிவிடுகிறார்கள், வராவிட்டால் உள்ளே விட்டுவிடும். பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து ஃபார்மில் இருக்கும் டோக்கனை அழித்துவிட்டு சப்மிட் செய்து பாருங்கள். லாராவெல் 12 வரையிலான பதிப்பு என்றால் அந்த இடத்தில் 419 வர வேண்டும்.