டாஷ்போர்டுக்கு எல்.ஈ.டி.: பழைய கார்க்காரர் விடும் பிழைகள்

என் பழைய காரான மொரிஸ் மைனரின் டாஷ்போர்டுக்குள் இருப்பது 2.2 வாட் திருகு மின்குமிழ். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அதைக் கேட்டுப் போனால் எல்.ஈ.டி.யையும் எடுத்து முன்னால் வைப்பார்கள். சூடாகாது, பழைய பிளாஸ்டிக் மூடியைப் பழுப்பாக்காது, வெயிலிலும் தெரியும் என்பார்கள். மூன்றும் உண்மை. நானும் ஒரே மாலையில் எல்லாக் குமிழ்களையும் மாற்றினேன். அடுத்த வாரம் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து புறப்பட்டு, மழையும் நெரிசலுமாகக் காலி வீதியில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தபோது, முகப்பு விளக்குகள் மங்கின, வைப்பர் சோர்ந்தது, கடைசியில் கார் நின்றேவிட்டது.

குற்றவாளி சார்ஜ் விளக்கு, அதாவது பற்றறிக்குச் சார்ஜ் ஏறாதபோது டாஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு. என் காரை முன்பு வைத்திருந்தவர் பற்றறியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் புதுவகை அல்டர்னேட்டர் பொருத்தியிருந்தார். பல அல்டர்னேட்டர்கள் தாமாக விழித்துக்கொள்வதில்லை. சாவியைத் திருப்பியதும் பற்றறியிலிருந்து அந்தச் சிவப்பு விளக்கின் வழியாகச் சிறிது மின்னோட்டம் போய், உள்ளே சுழலும் சுருளைக் காந்தமாக்க வேண்டும். 2.2 வாட் குமிழ் ஏறத்தாழ 180 மில்லிஅம்பியரை விடும். எல்.ஈ.டி. விடுவது 20 அளவில்தான். என்ஜினை நன்றாக முறுக்கினால் அல்டர்னேட்டர் எப்படியோ விழித்துக்கொள்ளும் என்பதால், திறந்த வீதியில் ஓடுகிறவருக்குக் குறை தெரியவே தெரியாது. ஊர்ந்து மட்டுமே போகும் மாலை நேரத்துக் கொழும்பில் தெரியும்.

விளக்கு எரிந்து எச்சரிக்கவில்லையா என்று கேட்பீர்கள். எரிந்தது. ஆனால் பொருத்திய நாளிலிருந்தே அது ஓட்டத்தின்போதும் மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தது. அல்டர்னேட்டருக்கும் பற்றறிக்கும் இடையிலுள்ள சின்ன மின்னழுத்த வேறுபாட்டில் பழைய குமிழ் எரியாது, எல்.ஈ.டி. மினுங்கும். அந்த மினுங்கலுக்குப் பழகிய கண், அன்று அது பளிச்சென்று எரிந்ததையும் பொருட்படுத்தவில்லை.

இதற்கு மிக எளிய வழி, அந்த ஓரிடத்தில் மட்டும் பழைய குமிழையே விட்டுவிடுவது. இல்லை, அங்கும் எல்.ஈ.டி.தான் வேண்டும் என்றால் அதற்குப் பக்கமாக, சமாந்தரமாக, 68 ஓம் தடையி ஒன்றை இணைக்க வேண்டும். மினுங்கலும் அதோடு அடங்கும். தடையி 5 வாட் தாங்குவதாக இருக்கட்டும். கால் வாட் தடையியைப் பற்றவைத்து, அது கருகியபின் எல்.ஈ.டி.யைத் திட்டுகிறவர்கள் உண்டு. சாவி திருப்பியபடி என்ஜின் ஓடாமல் இருந்தால் அதில் 2 வாட் சூடு ஏறும், ஆகவே வயர்களில் முட்டக்கூடாது. டைனமோவை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே விளக்கு செய்தி மட்டுமே சொல்கிறது.

அவர்களுக்கு வேறு கவலை. பள்ளிக்கூடத்தில் எல்.ஈ.டி.யை ஒளிகாலும் இருவாயி என்று படித்தோம். வாய் இரண்டு என்றாலும் மின்னோட்டம் புகுவது ஒரு வாயால்தான். மைனர் உட்படப் பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றறியின் பொசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் நெகட்டிவ் உடலுக்கானது. ஆப்பு வடிவக் குமிழ் என்றால் கழற்றித் திருப்பிச் செருகலாம். திருகுக் குமிழை எப்படித் திருப்புவது? இரு திசையிலும் எரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இடம், வலம் இரண்டுக்கும் டாஷ்போர்டில் ஒரே சமிக்ஞை விளக்கு உள்ள கார்கள் சிலவற்றில் அந்த வகைதான் கட்டாயம். அவற்றில் அந்த விளக்கு இரு பக்க வயர்களுக்கும் நடுவே தொங்குகிறது. இடப்பக்கம் போட்டால் மின்னோட்டம் ஒரு திசையில் வரும், வலப்பக்கம் போட்டால் எதிர்த்திசையில். சாதாரண எல்.ஈ.டி. ஒரு பக்கத்துக்கு மட்டும் கண் சிமிட்டும்.

பீட்டில் வைத்திருப்பவர்கள் முதலில் பற்றறியைப் பார்க்கட்டும். 1960களின் நடுப்பகுதி வரை வந்தவை 6 வோல்ட், 12 வோல்ட் எல்.ஈ.டி. அவற்றுக்குச் சரிவராது.

நிறத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வெள்ளை எல்.ஈ.டி.யில் சிவப்பு ஒளி குறைவு. சிவப்பு மூடிக்குப் பின்னால் அது வெளிறிய ரோஜா நிறமாகத் தெரியும், என்ஜின் எண்ணெய்க்கான விளக்கு எச்சரிக்கிறதா அலங்காரமா என்று புரியாது. சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. ஹைபீம் நீலத்துக்கு மட்டும் கடையிலுள்ளதில் மிக மங்கலானதை எடுங்கள். பளிச்சென்ற நீலப்புள்ளி இரவு ஓட்டத்தில் கண்ணைக் குத்தும்.

ஸ்பீடோமீற்றருக்குப் பின்னால் கை விடுமுன் பற்றறியைக் காரின் உடலோடு இணைக்கும் வயரைக் கழற்றுங்கள். அங்கே உருகி இல்லாத வயர்களும் ஓடுகின்றன, மோதிரம் ஒன்று போதும் தீப்பொறி பறக்க. வேலை முடிந்ததும் வயரை மாட்டி, என்ஜினை முறுக்காமல் ஐட்லில் விட்டு, முகப்பு விளக்கையும் போட்டுப் பற்றறியின் இரு முனைகளையும் அளந்து பாருங்கள். அல்டர்னேட்டர் காரில் 13.5 வோல்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12.3 காட்டினால் சார்ஜ் ஏறவில்லை, ஸ்பீடோமீற்றரைத் திருப்பி மூட வேண்டாம்.