முகூர்த்தத்துக்கு முன் ஃபில்லரா? நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முகத்தில் ஃபில்லர், அதாவது கன்னம், உதடு போன்ற இடங்களை நிரப்பிக் காட்ட ஊசியில் ஏற்றும் மருந்து, போட்டால் எத்தனை நாளில் தெரியும்? ஊசியை வெளியே எடுத்த அடுத்த நிமிடமே தெரியும். ஆனால் அப்போது தெரிவதில் ஒரு பங்கு ஃபில்லர், ஒரு பங்கு வீக்கம், எது எவ்வளவு என்று போட்ட டாக்டராலேயே சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. கல்யாணம், நிச்சயதார்த்தம் என்று ஒரு தேதியைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் சிக்கல், அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், சிரிஞ்சுக்குள் என்ன மருந்து என்று கேளுங்கள். "ஃபில்லர்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது, பொருள் மாறினால் காலக்கணக்கே மாறிவிடும். பெரும்பாலும் போடப்படுவது ஹயலுரானிக் ஆசிட் ஜெல். ஜுவெடெர்ம், ரெஸ்டிலேன் எல்லாம் இந்த வகைதான். இது உடனே தெரியும், இடத்தைப் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் படியும். ரேடியஸ் என்பது கால்சியம் துகள்கள் கலந்த ஜெல். இதுவும் உடனே தெரியும், ஆனால் அந்த ஜெல் சில மாதங்களில் கரைந்துபோக, அந்த இடத்தில் நம் உடம்பே உருவாக்கும் கொலாஜன் என்ற புரதம்தான் பிறகு நிற்கும். ஸ்கல்ப்ட்ரா முற்றிலும் வேறு சங்கதி, அது கொலாஜனை வளரத் தூண்டும் மருந்து. போட்ட அன்று கன்னம் நிறைந்து தெரிவதெல்லாம் மருந்தோடு கலந்த தண்ணீர், சில நாளில் அது வடிந்து முகம் பழையபடி ஆகிவிடும். "காசு போச்சே" என்று தோன்றும். போகவில்லை, கொலாஜன் மெதுவாக வளர்ந்து பலன் தெரிய மாதக்கணக்காகும், அதுவும் பொதுவாக சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை போட்ட பிறகு. போடாக்ஸையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பள்ளத்தை நிரப்பாது, தசையைத் தளர்த்தும், மூன்று நான்கு நாளில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் முழுதாகத் தெரியும்.

இனி ஹயலுரானிக் ஆசிடை மட்டும் எடுத்துக்கொள்வோம், பத்தில் எட்டுப் பேர் கேட்பது அதைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் எப்படி ஊறிப் பெருக்கிறதோ, அதுபோல இந்த ஜெல்லும் சுற்றியிருக்கும் நீரை இழுத்துக்கொள்ளும். ஊசி குத்தியதால் வரும் வீக்கம் வேறு. இரண்டும் சேர்ந்து முதல் மூன்று நாள் முகம் ஏமாற்றும். உதட்டில் போட்டிருந்தால் இன்னும் மோசம்: மறுநாள் காலை எழுந்ததும் மேலுதடு மூக்கைத் தொட்டுவிடும்போல் இருக்கும், இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் ஒரு அளவு, டம்ளரில் காபி குடித்தால் ஓரத்தில் ஒழுகும். படுத்தே கிடந்ததால் காலையில் அதிகமாகவும் சாயங்காலம் குறைவாகவும் தெரியும். இதெல்லாம் வழக்கமானதுதான். இரண்டு தலையணை வைத்துப் படுங்கள், துணியில் சுற்றிய ஐஸை அழுத்தாமல் ஒற்றுங்கள், அவ்வளவுதான்.

நான்காம் நாளிலிருந்து வீக்கம் வடியத் தொடங்கும். ரத்தம் கட்டிய இடம் நீலமாக இருந்து பச்சையாகி, மஞ்சளாகி, ஒரு வாரம் பத்து நாளில் மறையும், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். உதட்டுக்குள் சின்னச் சின்னக் கட்டியாகக் கையில் தட்டுப்படுவதும் பெரும்பாலும் இந்த நாட்களில் தானாக இளகிவிடும். இரண்டு வாரம் ஆனால் ஓரளவு சரியான வடிவம் தெரியும், உதட்டுக்கும் கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்துக்கும் நான்கு வாரம் கொடுங்கள். கண்ணடித் தோல் மெல்லியது, கொஞ்சம் மேலாகப் போட்டுவிட்டால் நீலம் பாய்ந்ததுபோல ஒரு சாயல் நின்றுவிடும். அதை ரத்தக்கட்டு என்று நினைத்து மாதக்கணக்கில் காத்திருப்பதில் பயனில்லை, டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வீங்கிய முகம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது, ஐந்தாறு நாளில் அது வடிந்ததும் "ஃபில்லர் கரைஞ்சு போச்சு, இன்னும் ஒண்ணு போடுங்க" என்று போய் நிற்கிறார்கள். சில இடங்களில் போட்டும் விடுகிறார்கள், அவர்களுக்கு என்ன, இன்னொரு சிரிஞ்ச் காசு. ஒரு சிரிஞ்சில் இருப்பது வழக்கமாக 1 மில்லி, ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. அதை இரண்டு கன்னத்துக்கும் பிரித்தால் பக்கத்துக்கு அரை மில்லி. அதிசயம் நடக்காது, நடக்கவும் கூடாது. டச்சப், அதாவது குறையைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் போடுவது, வேண்டுமா என்பதைப் போட்டு இரண்டு வாரம் ஆகும் முன் யார் முடிவு செய்தாலும் தவறு என்பேன்.

சரி, தேதிக் கணக்கு. முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எட்டு வாரம் எண்ணி அங்கே போடுங்கள். படிய நான்கு வாரம், ஏதாவது சரி செய்ய வேண்டியிருந்தால் அது படிய இரண்டு வாரம், மிச்சம் இரண்டு வாரம் கைவசம். நான்கு வாரம்தான் இருக்கிறது என்றால் கன்னம், தாடைக்குச் சமாளிக்கலாம், ஆனால் டச்சப்புக்கு இடமில்லை என்று தெரிந்தே போடுங்கள். பத்து நாள்தான் இருக்கிறதா? விட்டுவிடுங்கள். மேக்கப்காரர் பார்த்துக்கொள்வார். ஸ்கல்ப்ட்ராவுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

இந்தக் கணக்கில் எல்லோரும் மறப்பது கல்யாணத்துக்கு முந்தைய பத்து நாளை. பிரைடல் ஃபேஷியல் என்று பார்லரில் முக்கால் மணி நேரம் கன்னத்தை அழுத்தித் தேய்த்து ஆவி பிடிக்க வைப்பார்கள். நலங்கு வைக்க வரும் அத்தை, சித்தி எல்லாம் மஞ்சளையும் சந்தனத்தையும் இரண்டு கையாலும் கன்னத்தில் பூசி, அதோடு விடாமல் கன்னத்தைக் கிள்ளி திருஷ்டி வேறு கழிப்பார்கள். போன வாரம் ஊசி போட்ட கன்னம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? ஃபில்லர் போட்ட இரண்டு வாரத்துக்கு அழுத்தித் தேய்க்கிற எதுவும் வேண்டாம், பல் சுத்தம் செய்வது உட்பட பல் வைத்தியமும் முன்னும் பின்னும் இரண்டு வாரம் தள்ளியே இருக்கட்டும். மேக்கப் டிரையலையும் வடிவம் படிந்த பிறகு வையுங்கள்.

ரத்தக்கட்டைக் குறைக்க வேண்டுமானால், ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்து மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, இபுப்ரோஃபென் போன்றவற்றை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது, அதைவிட ரத்தக்கட்டு எவ்வளவோ மேல். உதட்டில் அக்கி வந்த பழக்கம் உண்டென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், தடுப்பு மாத்திரை தருவார்கள். போட்ட பிறகு ஒரு நாள் இரண்டு நாள் ஜிம், மது, கடும் வெயில் வேண்டாம். ஒரு வேடிக்கை: மற்றவற்றைத் தேய்க்காதே என்பவர்கள் ஸ்கல்ப்ட்ராவுக்கு மட்டும் தினம் 5 முறை, 5 நிமிடம், 5 நாள் தேய்க்கச் சொல்வார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன அறிவுரையை நீங்கள் பின்பற்றாதீர்கள்.

மேலே சொன்ன "காத்திருங்கள்" எல்லாம் வீக்கத்துக்கு மட்டும். ஊசி போட்ட இடம் வெள்ளையாக வெளுத்துப் போனாலோ, வலைபோல நீலம் படர்ந்தாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம், தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். ஹயலுரானிக் ஆசிடைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற ஊசி உண்டு, அதை உடனே போட வேண்டும். ரேடியஸுக்கும் ஸ்கல்ப்ட்ராவுக்கும் அப்படிக் கரைக்கும் மருந்து இல்லை. அதனால் காசு கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி: ஹயலுரானிடேஸ் இந்த கிளினிக்கிலேயே இருக்கிறதா, ராத்திரி கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? முகத்தைச் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசியில்லாமல் அழுத்தத்தில் பீய்ச்சும் ஹயலுரான் பேனா என்று பார்லர்களில் காட்டுவதையும் தொடாதீர்கள், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021லேயே அதைப் பற்றி எச்சரித்துவிட்டது.

எவ்வளவு காலம் நிற்கும்? உதட்டில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம், கன்னத்தில் ஒரு வருடத்துக்கு மேல், சிலருக்கு இரண்டு வருடம் வரை. வடிவம் பிடிக்காமல் கரைத்தால் ஒன்றிரண்டு நாளில் பெரும்பகுதி இறங்கிவிடும், மறுபடி போட இரண்டு வாரமாவது ஆறவிட வேண்டும், முகூர்த்தக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிரிஞ்ச் பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, பிராண்டும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, போட்ட தேதியோடு ஃபைலில் ஒட்டி வையுங்கள். பிறகு வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.